தன் சரக்கைப் புகழாத குடக்காரன்

வெகு காலத்துக்கு முன்னாடி, குருவியும் கோட்டானும் ஒரே மரத்தில் குடித்தனம் நடத்தின காலத்தில், செவ்வேலிபுரம் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே சிலம்பாயி என்று ஒருத்தி. ஊர் அவளைச் ‘சந்தேகச் சிலம்பாயி’ என்றுதான் கூப்பிடும். கத்தரிக்காய் வாங்கினால் காம்பைப் பார்ப்பாள். பால் வாங்கினால் மாட்டையே போய்ப் பார்ப்பாள். குடம் வாங்கப் போனாளோ, கடைக்காரன் தொலைந்தான்! தட்டுவாள், தூக்குவாள், துழாவுவாள். தட்டினால் கணீர் என்று கேட்கணும். தூக்கினால் இடுப்பில் உட்காரணும். துழாவினால் கை அடிவரைக்கும் போகணும். மூன்றில் ஒன்று குறைந்தாலும், “நீயே வச்சுக்கப்பா” என்று வந்துவிடுவாள்.

சிரிக்காதீர்கள். அந்த ஊரில் தண்ணீர் மலைச்சுனையில்தான். நூறு படி ஏறணும், நூறு படி இறங்கணும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நீலகேது என்று ஒரு வியாபாரி வந்தான். வண்டி நிறையக் குடம். அடேயப்பா, என்ன குடம்! செம்பில் செய்து, மயில் நிறத்தில் மினுக்கி, கழுத்தை மட்டும் அல்லித்தண்டு கணக்காக இழுத்துவிட்டிருந்தான். கையில் எடுத்தால் குடமே பேசும்: “அடி அழகி! உன் கைக்கென்றே பிறந்தேன்டி!”

காசு கூட வேண்டாமாம். “குடம் எப்படி இருக்கிறது என்று உங்கள் வாயால் சொன்னால் போதும்” என்றான் நீலகேது.

சும்மா கிடைத்தால் விடுவார்களா? ஊரே அடித்துப் பிடித்து வாங்கியது. “இதைப்போல ஒரு குடம் உண்டா!” என்று தெருவெல்லாம் ஒரே பேச்சு.

சிலம்பாயி குடத்தைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தாள். சும்மா கொடுக்கிறான், அது ஒரு சந்தேகம். அதைவிடப் பெரிய சந்தேகம், தன் குடத்தைத் தன் வாயால் அவன் ஒரு வார்த்தை மெச்சவில்லை. தன் சரக்கைப் புகழாத வியாபாரியை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை.

தட்டினாள், சத்தமே வரவில்லை. தூக்கினாள், வழுக்கியது. துழாவினாள், இரண்டு விரலுக்கு மேல் போகவில்லை.

“கை போகாத குடத்தை எப்படிய்யா தேய்க்கிறது?”

“தேய்க்க வேண்டாம் அம்மா. பார்த்துக்கொண்டே இருந்தால் போதும்.”

“அப்போ நீயே வச்சுக்கப்பா.”

அவள் தங்கச்சி பூமயிலுக்கு எரிச்சல் வந்தது. “உனக்கு எதைத்தான் பிடிச்சிருக்கு அக்கா?” என்று வெடுக்கென்று ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் சுனைக்குப் போகிற படியோரம் ஒரு செம்புச் சிலை நின்றது. அடுத்த நாள் மூன்று. அதற்கடுத்த நாள் ஏழு. “வியாபாரி நம்ம ஊரை அலங்காரம் பண்றான்” என்று எல்லாரும் மெச்சினார்கள். குடம் வாங்கின ராஜாவுக்கே கணுக்கால் வரைக்கும் செம்பாகிவிட்டது. ராஜநடை கம்பீரமாக வந்துவிட்டது என்று மந்திரிகள் சொன்னார்கள்!

சிலம்பாயி ஒரு சிலையின் மூக்கருகே போய் உற்றுப் பார்த்தாள். கல் உதிர்ந்த மூக்குத்தி. பக்கத்து வீட்டு மரிக்கொழுந்தின் மூக்குத்தி. எடுத்தாள் ஓட்டம் தங்கச்சி வீட்டுக்கு.

பூமயில் குடத்தை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். பாதம் இரண்டும் செம்பு.

“காலு என்னடி இப்படி இருக்கு?”

“மருதாணி சிவந்திருக்கு அக்கா. அதை விடு, இங்க பாரேன். இதைப்போல ஒரு குடம் உண்டா!”

சொன்னதுதான் தாமதம், செம்பு கணுக்காலிலிருந்து விறுவிறுவென்று கழுத்து வரைக்கும் ஏறியது.

“ஐயோ! எத்தனை தடவைடி இதைச் சொன்ன?”

“நேத்து ஒண்ணு, இப்போ ஒண்ணு. எத்தனை சொன்னாலும் ஆசை தீருமா? இதைப்போ—”

சிலம்பாயி அடுக்குப்பானையிலிருந்து ஒரு பொருள்விளங்கா உருண்டையை எடுத்து அவள் வாயில் திணித்தாள். கருங்கல் கெட்டி. சீக்கிரத்தில் கரையாது. ஆனால் எப்படியும் கரைந்துவிடுமே! தாயில்லாமல் தூக்கி வளர்த்த ஒரே தங்கச்சி. சிலம்பாயிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே சந்தைக்கு ஓடினாள்.

“ஏய்யா வியாபாரி! எனக்கும் ஒண்ணு வேணும். ஆனா உன் குடத்துல ஒரு நடை தண்ணி நீயே எடுத்தாந்து காட்டு.”

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டேன் என்று சொல்ல முடியுமா? கிளம்பினான். ஆயுசில் ஒரு குடம் தண்ணீர் தூக்காதவன்! சிலம்பாயி தன் பழைய பித்தளைக் குடத்தோடு கூடவே போனாள், பின்னாலேயே கூட்டமும் போனது.

சுனையில் அவள் குடம் குபுக் குபுக் என்று நிறைந்தது. அவன் குடத்துக்கு பாதிக் காலைப் பொழுது ஆனது. அவள் குடம் இடுப்பில் பிள்ளை மாதிரி உட்கார, கழுத்தைக் கையால் வளைத்துக்கொண்டாள். அவன் குடம் இடுப்பிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து முழங்காலுக்கு வழுக்கியது. விளிம்பு விரலை அறுத்தது. குடம் மட்டும் விடாமல் கொஞ்சியது: “உன் கைக்கென்றே பிறந்தேன்டா!”

நடுப்படிக்கு இறங்குவதற்குள் ஊர் கொல்லென்று சிரித்தது.

“எல்லாரும் சொன்னதை நீ மட்டும் சொல்லலையே! உன் குடம் உனக்கே பிடிக்கலையா?” என்றாள் சிலம்பாயி.

“ஏன் பிடிக்காது? இதைப்போல ஒரு குடம் உண்டா!”

வாய் தவறி வந்துவிட்டது. பாதம் செம்பானது. நீலகேது உதட்டைக் கடித்துக்கொண்டான்.

சிலம்பாயி தன் குடத்தைச் சாய்த்து ஊற்றினாள். வெளியே மடங்கிய விளிம்பு. ஒரு சொட்டுகூடக் குடத்தின் வயிற்றில் வழியவில்லை. “பத்து வருசமாத் தூக்குறேன். ஒரு நாளும் நான் குடத்தை நினைச்சதில்லை, தண்ணியைத்தான் நினைச்சிருக்கேன். இப்போ நீ ஊத்து.”

அவன் கவிழ்த்தான். ஒரு சொட்டு விழுந்தது. மீதி முழங்கை வழியாக அக்குளுக்குள் போனது.

“எங்க வீட்டுக் கொட்டாங்குச்சியே தேவலை!” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

பொறுக்குமா அவனுக்கு? குடத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்தான். “கொட்டாங்குச்சியா? மூடர்களே! இதைப்போல ஒரு குடம் உண்டா!” செம்பு கழுத்தை எட்டியது.

சிலம்பாயி காதில் கையை வைத்தாள். “என்னய்யா சொன்ன? நிசமாவா? நம்ப முடியலையே!”

“உண்டாடி! இதைப்போல ஒரு குடம் உண்டா!”

மூன்று. இரண்டு கையையும் விரித்தபடியே சிலையாகிவிட்டான். மந்திரக்காரன் போனான், மந்திரமும் போனது. மயில் நிறக் குடமெல்லாம் படார் படாரென்று வெடித்தன. சிலைகள் தும்மிக்கொண்டு மனுசராயின. மரிக்கொழுந்து மூக்குத்தியைத் தடவிப் பார்த்தாள். பூமயில் ஓடி வந்து, “அக்கா, அது உருண்டையா உலக்கையா?” என்று அழுதபடி கட்டிக்கொண்டாள்.

ராஜா வந்து தன் கையிலிருந்த தங்கக் காப்பையே கழற்றிக் கொடுத்தார். சிலம்பாயி அதையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டாள்.

“பாட்டன் காலத்திலிருந்து ஊரே இந்தப் பழைய மாதிரிக் குடத்தைத்தானே தூக்குகிறது! இதற்குள் என்ன மந்திரம் அம்மா?” என்று ராஜா கேட்டார்.

“மந்திரம் ஒண்ணுமில்லை மகாராசா. இதை மொதல்ல செஞ்சவ இதைத் தூக்கிக்கிட்டுச் சுனைக்குப் போயிருக்கா. வலிச்ச இடத்தையெல்லாம் மாத்தியிருக்கா.”

நீலகேது மட்டும் நடுப்படியில் அப்படியே நின்றான். விரித்த கை இரண்டும் சரியாக இடுப்பு உயரம். மூச்சு வாங்குகிற பெண்கள் குடத்தை அதில் இறக்கி வைத்து இளைப்பாறினார்கள். இன்றைக்கும் இறக்கி வைக்கிறார்களாம். அவன் உருப்படியாகச் செய்த ஒரே பொருள் அதுதான். சிலம்பாயி மட்டும், குடத்தை வைப்பதற்கு முன்னால், அந்தக் கையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பாள்.