படுத்தே கிடந்த எருமை

காட்டுக் குளத்தங்கரையில் ஆள்காட்டிக் குருவி ஒன்று கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டிருந்தது. அந்த முட்டைகள் மேல் ஒரு நாகப்பாம்புக்குக் கண்.

குருவிக்குப் பார்வை கூர்மை, ஆனால் வாய் ஓயாது. இலை விழுந்தாலும் கத்தும். அதனால் அதன் கத்தலை யாரும் மதிப்பதில்லை. மெய்யாகவே பாம்பு வந்தால், குருவி பறந்துபோய்ச் சேற்றில் படுத்திருக்கும் எருமையின் முதுகில் கொத்த வேண்டும். இதுதான் குளத்து வழக்கம். கொத்தினால் எருமை எழுந்து நிற்கும். அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானும் அதன் நிழலில் தூங்கும் கீரியும் ஒரே நேரத்தில் கிளம்பும். கரிச்சான் மேலிருந்து பாய்ந்து பாம்பைத் திணறடிக்கும். அந்தச் சமயம் பார்த்துக் கீரி வாலைக் கவ்வும். பாம்பு விட்டால் போதும் என்று ஓடிவிடும்.

இப்படி இருக்கையில் தவளையார் குளத்துக்குத் தலைவரானார். அவரைவிட உரக்கக் கத்த ஆளில்லை என்பதுதான் தகுதி. வந்ததும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரித்தார்.

"உன் வேலை என்ன?"

"பாம்பைப் பார்ப்பேன்" என்றது ஆள்காட்டி.

"கொத்துவேன்" என்றது கரிச்சான்.

"கடிப்பேன்" என்றது கீரி.

"நீ?"

"படுத்திருப்பேங்க. குருவி கொத்துனா எழுந்திருப்பேன்" என்றது எருமை.

"பாம்பைப் பார்ப்பியா?"

"கழுத்து அவ்வளவா திரும்பாதுங்க."

"கடிப்பியா?"

"புல்லைக் கடிப்பேங்க."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. கரிச்சானும் சிரித்தது, எருமையின் முதுகில் உட்கார்ந்தபடியே.

"பார்க்கவும் தெரியாது, கடிக்கவும் தெரியாது, பாதிக் குளத்தை மட்டும் அடைச்சுக்கிட்டுக் கிடக்கும்! மேட்டுக்கு அந்தப் பக்கம் போ" என்றார் தவளையார்.

எருமை எழுந்து மேட்டைத் தாண்டிப் போனது. அதற்குக் கோபம்கூட வரவில்லை. எனக்குத்தான் வருகிறது.

உட்கார முதுகும் ஒதுங்க நிழலும் போய்விட்டதால், கரிச்சான் ஒரு பனைமரத்துக்கும், கீரி எதிர்க்கரைப் புதருக்கும் குடிபோயின.

ஒரு நடுப்பகலில் பாம்பு வந்தது. குருவி கத்தியது. "வழக்கமான கச்சேரி" என்று கீரி புரண்டு படுத்தது. குருவி பனைமரத்துக்குப் பறந்து கெஞ்சியது. கரிச்சான் தனியாக வந்து கொத்தியது. வாலைக் கவ்வ ஆளில்லை. பாம்பு தலையை உதறிவிட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. கத்தல் ஓயாததால் கீரி எழுந்து வந்து சேர்ந்தபோது முட்டை ஒன்றுமில்லை. குருவி வெறும் குழியின்மேல் சிறகை விரித்து உட்கார்ந்துகொண்டது.

தவளையார் விசாரணை நடத்தினார். "ஆள்காட்டி பார்த்தது. கரிச்சான் கொத்தியது. கீரியும் வந்தது. எல்லோரும் கடமையைச் செவ்வனே செய்திருக்கிறார்கள். முட்டைகள்தான் ஒத்துழைக்கவில்லை."

குருவி அதற்குமேல் நிற்கவில்லை. மேட்டைத் தாண்டிப் பறந்தது.

"அண்ணே, நான் இன்னொரு தரம் முட்டை இடணும். வந்து படுத்துக்கங்க."

"அங்க எனக்கு வேலை இல்லைன்னாங்களே?"

"நீங்க படுத்திருந்தாத்தான் அண்ணே எங்க வேலையே நடக்குது."

எருமை திரும்பி வந்தது. இது தம் சீர்திருத்தத்தின் இரண்டாம் கட்டம் என்று தவளையார் அறிவித்தார்.

நம் உடம்பைக் காக்கும் டி செல்லுக்குள்ளும் இப்படியோர் எருமை உண்டு. இணைப்புப் புரதம் என்பார்கள். அது கிருமியைப் பார்ப்பதில்லை, தாக்குவதுமில்லை. செய்தி வந்து தொட்டதும் மற்றப் புரதங்கள் கூடிச் செயல்பட இடம் தருகிறது, அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் கிருமி வாசலில் நின்றாலும் செல் தூங்கும்.

சும்மா இருப்பவர் என்று ஒருவரை விரட்டுமுன், அவரால் எத்தனை பேர் ஒன்றுகூடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.