ஆயர் கை வைத்த தலைகள்

திருநீற்றுப் புதனுக்கு முந்தைய செவ்வாய், காலை ஒன்பது மணி பத்து நிமிடம். சுள்ளென்ற வெயில், ஓர் இலைகூட அசையவில்லை. பத்து மணிக்குச் சவேரிபட்டிக் கோவிலில் கஸ்பாரின் மகள் செலினுக்குத் திருமணம். பங்குச்சாமி காய்ச்சலில் படுத்துவிட்டதாக அப்போதுதான் செய்தி வந்தது. மறுநாள் தவக்காலம், ஈஸ்டர் வரை அங்கே திருமணம் கிடையாது.

விருந்துக்கு வந்திருந்த பிரதர் யூஜின் வெள்ளை அங்கி அணிந்திருந்தார். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது.

“சாமி, கலியாணத்தை நீங்களே மந்திரிச்சு வச்சிருங்க,” என்றார் கஸ்பார்.

“நான் குருப்பட்டம் வாங்கலையே ஐயா. துறவற சபையில வார்த்தைப்பாடு கொடுத்தவன். பட்டம்ங்கிறது அருளடையாளம், அதை வாங்கினவர்தான் குரு. வார்த்தைப்பாடு நான் கடவுளுக்குக் கொடுத்த வாக்கு. ரெண்டும் உள்ளவங்க உண்டு, எனக்கு ஒண்ணுதான்.”

“என்ன வாக்கு?” என்றார் மணியடிக்கும் கோவில்பிள்ளை பர்னபாஸ்.

“ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல்.”

“கீழ்ப்படியா? அதான் கோளாறு. மேல்படிக்கு ஏத்துங்கப்பா.”

நான்கு பேர் அவரைத் தூக்கிப் பீடத்தின் மேல்படியில் நிறுத்தினார்கள். அவர் பொறுமையாக இறங்கி வந்தார்.

“சரி, பட்டத்தை யாரு கொடுக்கணும்?” என்றார் பர்னபாஸ்.

“பிஷப்பு, அதாவது ஆயர். தலைமேல கை வச்சுக் கொடுப்பார்.”

“ஆயர்னா மேய்ப்பர்தானே? நம்ம ஊர்லயே இருக்காரே.”

ஆடு மேய்க்கும் கருத்தபாண்டி அழைத்துவரப்பட்டார். முப்பது ஆடுகளும் பின்னாலேயே வந்தன. அவர் பிரதரின் தலையில் கை வைத்தார்.

“இதுக்கா கூப்பிட்டீக? தினம் பட்டி அடைக்கையில ஒவ்வொரு ஆட்டையும் தலையைத் தொட்டுத்தானே எண்ணுறேன்.”

எல்லோரும் ஆடுகளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“முப்பது சாமிகளையா பட்டியில அடைச்சு வச்சோம்?” என்று கஸ்பார் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

“இவங்க பட்டமா, வார்த்தைப்பாடா?” என்றார் பர்னபாஸ்.

“வார்த்தையே கிடையாது. பட்டம்தான்,” என்றார் கஸ்பார்.

பிறகு தாடி நீண்ட கிடாயின் முன் மண்டியிட்டார். “கலியாணத்தை எப்ப வச்சுக்கலாம் சாமி?”

“மே,” என்றது கிடாய்.

மறுநாள் காலை பிரதர் யூஜின் முதல் பேருந்தில் அமர்ந்து, மௌனத்துக்கும் வார்த்தைப்பாடு உண்டா எனக் கேட்டுத் தம் சபைத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். காய்ச்சல் தணிந்து வந்த பங்குச்சாமி, ஆளில்லாத கோவிலில், நெற்றியில் பூசவேண்டிய சாம்பல் தட்டோடு நின்றார். கருத்தபாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு மேய்க்கப் போனார். கஸ்பார் பத்திரிகை அச்சடிக்கக் கிளம்பினார். தேதி கேட்கும் பொறுப்பு மாப்பிள்ளைக்கு. அவர் இருபத்தொன்பது சாமிகளிடம் கேட்டு முடித்திருந்தார். எல்லோரும் மாதத்தை மட்டுமே சொன்னார்கள்.