சுறாவுக்கும் குரங்குக்கும் நடந்த போர்

முன்னொரு காலத்தில், கடலோரம் கோட்டை கட்டி ஆண்ட ஓர் அரசருக்கு ஒரே நாளில் இரண்டு பரிசுகள் வந்தன. மலைநாட்டுத் தலைவன் அனுப்பியது ஒரு சிங்கவால் குரங்கு. தீவுத் தலைவன் அனுப்பியது ஒரு புலிச்சுறா. குரங்கு அரண்மனைப் புன்னைமரத்தில் ஏறிக்கொண்டது. மரத்தடியில் இருந்த உப்புநீர்த் தடாகத்தில் சுறாவை விட்டார்கள்.

மறுநாள் சபையில் அரசருக்கு ஓர் ஆசை பிறந்தது. "ஒன்றுக்கு வாலில் சிங்கம், மற்றதற்குப் பேரில் புலி. இரண்டில் எது பெரிது?"

பிரதானி அகோரநாதருக்கு விதூஷகன் சாத்தையனைக் கண்டாலே ஆகாது. சட்டென்று எழுந்தார். "பிரபு, மோதவிட்டால் தெரிந்துவிடும். போரைச் சாத்தையனே நடத்தட்டும்."

"ஆகட்டும்! நாளைக் காலையில் போர். நடத்தத் தவறினால், சாத்தையா, நீ நாட்டைவிட்டே போகவேண்டும்" என்றார் அரசர்.

சாத்தையன் கணக்குப் போட்டுப் பார்த்தான். எது செத்தாலும் அதை அனுப்பியவன் பகையாவான். பழி தன் தலையில் விடியும். போதாததற்கு, அந்தக் குரங்கு அன்றுதான் அவன் கையிலிருந்து பலாச்சுளை வாங்கித் தின்றிருந்தது.

மறுநாள் ஊரே தடாகக் கரையில் கூடியது. சாத்தையன் கைகூப்பினான்.

"அரசே, சொல்லிவிட்டுப் போர் தொடுப்பதல்லவா நம் குலமரபு?"

"ஆமாம்."

"கேட்பவர் பாஷையிலல்லவா சொல்லவேண்டும்? எனக்குத் தமிழே தகராறு. ஐம்பத்தாறு தேசத்து பாஷையும் தெரியும் என்று நம் பிரதானி போன வாரம்தான் சபையில் சொன்னார். இருவரிடமும் அவரே போர் ஓலை வாசிக்கட்டும்."

அரசர் தலையசைத்தார். அகோரநாதர் தண்ணீரை எட்டிப் பார்த்தார். சுறாவின் முதுகுத்துடுப்பு வட்டமடித்துப் போனது.

"மு... முதலில் குரங்கிடம்" என்று மரமேறினார். கிளையைக் கட்டிக்கொண்டு, "கீச்... கீச்..." என்றார்.

குரங்கு அவரை ஏற இறங்கப் பார்த்தது. சரிகைத் தலைப்பாகையைப் பறித்து, முகர்ந்து, தடாகத்தில் எறிந்தது. சுறா ஒரே கவ்வில் அதை நார்நாராகக் கிழித்தது.

"போர் முடிந்தது, அரசே!" என்று கூவினான் சாத்தையன். "மலையும் கடலும் ஒரே கட்சியில் நின்று வென்றுவிட்டன. சேதம், எதிரியின் தலைப்பாகை மட்டும்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வென்றவர்களுக்கு என்ன பரிசு தரலாம்?"

"வீட்டுக்குப் போக உத்தரவு, அரசே."

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையன் கழுத்தில் போட்டார். தடாகத்தின் கடல்பக்க மதகு திறந்தது, சுறா கடலுக்குப் போனது. குரங்கு பல்லக்கில் மலையேறியது. பிரதானி மட்டும் ஏணி வரும்வரை மரத்திலேயே இருந்தார்.