சங்கிலியின் மறுமுனை

"சாமி என்னைக் கைவிட்டுடுச்சா, அம்மா?"

உத்தண்டி இதைக் கேட்டபோது நாச்சியம்மை அவன் கெண்டைக்காலைக் கழுவிக்கொண்டிருந்தார். நாயின் பல் பதிந்த இடம் கன்றிப்போயிருந்தது.

அவர் இன்னொரு குடம் தண்ணீரைச் சாய்த்து ஊற்றினார்.

மனைவி இறந்துபோனபிறகு அந்த மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தவன் உத்தண்டி. அவனுக்கும் மடத்துத் தலைவி நாச்சியம்மைக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் குரு குருதான். மலைமேல் குகைக் கோயிலில் இருக்கும் வேலவனுக்குப் பூப் பறித்துத் தருவது அவன் பொறுப்பு. அன்றைக்கும் அதற்காகத்தான் போனான். அரளிச் செடிக்குப் பின்னாலிருந்து நாய் வந்தது. குரைக்கவில்லை. வாயோரம் நுரை வழிந்தது.

"அவனுக்குப் பூப் பறிக்கப் போன இடத்துலயா, அம்மா? அப்போ சாமி எங்கே இருக்கு?"

நாச்சியம்மை பச்சிலையை அரைத்து வைத்துக் கட்டினார்.

அதே நாய் பால்கார மொக்கையனையும் கடித்திருந்தது. மொக்கையனுக்குக் காயம் ஆறிவிட்டது. மாடு கறந்தான், சந்தைக்குப் போனான், நாயை மறந்தும்போனான். ஒருநாள் உழைத்துக் களைத்து வந்தவனுக்கு அவன் மனைவி செம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாயருகே கொண்டுபோனவன் செம்பை வீசி எறிந்தான். தொண்டை பூட்டிக்கொண்டது. அதன்பின் தண்ணீர் சிந்தும் சத்தம் கேட்டாலே உடம்பெல்லாம் வெட்டி இழுத்தது. கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள்.

உத்தண்டி அவனைப் பார்க்கப் போயிருந்தான். போயிருக்கக் கூடாது.

கயிற்றுக்கு நடுவிலிருந்து மொக்கையன் அவனை அடையாளம் கண்டுகொண்டு, "தாகமா இருக்கு, உத்தண்டி" என்றான். அந்தக் குரல் உத்தண்டியின் காதைவிட்டுப் போகவே இல்லை.

மொக்கையனை எரித்துவிட்டு ஊரார் நேரே மடத்துக்கு வந்தார்கள். உத்தண்டியை ஊரைவிட்டுத் துரத்த வேண்டும் என்றார்கள் சிலர். காட்டில் விட்டால் வெறிபிடித்துத் திரும்பி வருவான், கட்டிப்போடுவதே மேல் என்றார்கள் மற்றவர்கள். கடைசியில் கோயில் யானையைக் கட்டிய பழைய சங்கிலி வந்தது. சுனைக்குப் பக்கத்தில் இருக்கும் கல்மண்டபத்தில், நடுத்தூணில் கட்டிவைப்பது என்று முடிவாயிற்று. ஐப்பசி மழை இறங்கும்வரை ஒன்றும் ஆகவில்லை என்றால் அவிழ்த்துவிடுவார்கள்.

உத்தண்டி மறுக்கவில்லை. அவனுக்கே அவனைக் கண்டு பயம் வந்துவிட்டிருந்தது.

தலையாரி வெள்ளையன் அவன் காலில் சங்கிலியை வளைத்துப் பூட்டினான். மறுமுனையைத் தூணைச் சுற்றிக் கொண்டுவந்து அங்கேயே பூட்டப்போனான்.

நாச்சியம்மை மண்டபப் படியேறி வந்து, தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காலை நீட்டினார்.

"இங்க பூட்டு."

தலையாரி சிரித்துப் பார்த்தான். பிறகு கெஞ்சிப் பார்த்தான். ஊர்ப் பெரியவர்கள் இது தகாது என்று எடுத்துச் சொன்னார்கள். அவர் நீட்டிய காலை மடக்கவில்லை. பொழுது ஏறியது. வெயில் மண்டபத்துக்குள் வந்தது. தலையாரி முகத்தைத் திருப்பிக்கொண்டே பூட்டினான். இரண்டு சாவியையும் மடியில் முடிந்துகொண்டு இறங்கினான்.

எல்லோரும் போனபிறகு உத்தண்டி கேட்டான்.

"எதுக்கும்மா இது?"

"நேத்து வரைக்கும் நீ கேட்டுக்கிட்டிருந்தியே, அதைக் கேளு."

"சாமி எங்கே இருக்குன்னா?"

அவர் தலைக்குக் கையை வைத்துப் படுத்துக்கொண்டார். சங்கிலி கல்லில் உரசியது.

மடத்துப் பெண்கள் கீழ்ப்படியில் சோறு வைத்துவிட்டு ஓடினார்கள். சங்கிலி சுனை வரைக்கும் நீண்டது. ஒருவர் நகர்ந்தால் இன்னொருவர் எழுந்து கூடவே நகர வேண்டியிருந்தது. தண்ணீர் எடுக்க அம்மா போகும்போதெல்லாம் அவனும் போனான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

விடியற்காலைதான் கொடுமை.

கண் விழித்ததும் அவன் முதலில் எச்சிலை விழுங்கிப் பார்ப்பான். இறங்கினால் மூச்சு வரும். அப்புறம் அம்மா சொம்பை நீட்டுவார். கண்ணை இறுக மூடிக்கொண்டு குடிப்பான். குடித்து முடித்த அந்தக் கணத்திலேயே மறுநாள் விடியலுக்கான பயம் தொடங்கிவிடும். காலில் காயம் இருந்த இடம் அரித்தால் பயம். காற்று முகத்தில் பட்டால் பயம். நல்ல தூக்கம் தூங்கி எழுந்தாலும், அவ்வளவு தூக்கம் எதற்கு வந்தது என்று பயம்.

வேலவன் பெயரைச் சொல்லாமல் அவன் இருந்ததில்லை. காப்பாத்து என்று கேட்டான். என்ன தப்புச் செய்தேன் என்று கேட்டான். ஒருநாள் வைதும் பார்த்தான். மலையிலிருந்து ஒன்றும் இறங்கி வரவில்லை.

புரட்டாசி கடைசியில் ஒரு விடியல். எழுந்தபோது அவனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. எச்சிலை விழுங்கினான். தொண்டை அடைத்தது. மறுபடி விழுங்கினான். வலித்தது.

வந்துவிட்டது என்று நினைத்தான்.

தூணோடு முதுகை ஒட்டிக்கொண்டு, சங்கிலி அனுமதித்த மட்டும் அம்மாவை விட்டு விலகினான்.

"கிட்ட வராதீங்க. தலையாரியைக் கூப்பிடுங்க. உங்க பூட்டைத் திறந்துட்டுப் போயிடுங்க."

நாச்சியம்மை சொம்பை எடுத்துக்கொண்டு அவனிடம் வந்தார். எதிரே உட்கார்ந்தார்.

"மொக்கையனைப் பார்த்தேன், அம்மா. நீங்க பார்க்கலை. பெத்த மகளையே கடிக்கப் போனான். போயிடுங்க."

அவர் சொம்பை நீட்டினார்.

உத்தண்டி அன்றைக்குக் கண்ணை மூடவில்லை. மூடினால் மொக்கையன் தெரிந்தான். அதனால் தண்ணீரைப் பார்த்தான். அது தளும்பிக்கொண்டிருந்தது. காய்ச்சலில் தன் பார்வைதான் ஆடுகிறது என்று முதலில் நினைத்தான். பிறகு விரல்களைப் பார்த்தான். சொம்பைப் பிடித்திருந்த அம்மாவின் விரல்கள் நடுங்கின. நெற்றி வியர்த்திருந்தது.

இந்த அம்மாவுக்குப் பயம் என்பதே கிடையாது என்றுதான் அவன் இத்தனை காலமும் நம்பியிருந்தான்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு, உத்தண்டி" என்றார் அவர். "குடி."

அவன் அவரையே பார்த்தான். அவர் ஒவ்வொரு இரவும் படுத்திருந்த இடத்தைப் பார்த்தான். அவன் கை நீட்டினால் எட்டும் இடம் அது.

"சாமி" என்றான்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவன் எப்போதும் எதையாவது சேர்ப்பான். அன்றைக்குச் சேர்க்க ஒன்றும் வரவில்லை. சொம்பை வாங்கினான். அவன் பல் சொம்பின் விளிம்பில் கடகடவென்று தட்டியது. ஒரு வாய் உள்ளே போனது. தொண்டையில் நின்றது. எரிந்தது. இறங்கியது.

இன்னொரு வாய் குடித்தான். சொம்பு காலியாகும்வரை குடித்தான்.

அது வெறும் சளிக்காய்ச்சல். கஷாயத்தில் போயிற்று. ஆனால் அன்றைக்குப் பிறகும் அவனுக்குப் பயம் போகவில்லை. பயந்துகொண்டே தினமும் குடித்தான். சாமி எங்கே என்று மட்டும் பிறகு கேட்கவில்லை.

ஐப்பசியில் மழை இறங்கியது. மண்டபத்துக் கூரை ஒழுகியது. நனைந்துகொண்டே தலையாரி வெள்ளையன் படியேறி வந்தான். கையில் தடி இருந்தது. உத்தண்டி சுனையில் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் குடித்துக் காட்டியபிறகுதான் தடியைக் கீழே வைத்தான்.

முதலில் அம்மாவின் பூட்டைத் திறந்தான். கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்துத் தடித்திருந்தது. அதைப் பார்த்தவன் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

"இவனுக்கு அந்த வியாதி வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க, தாயி?"

"உன்னைக் கூப்பிட்டிருப்பேன். பூட்டைத் திறக்கச் சொல்லி."

தலையாரி சாவியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான். குனிந்த தலை நிமிரவில்லை.

"நான் வந்திருக்க மாட்டேன், தாயி."

"தெரியும்" என்றார் நாச்சியம்மை.