இரும்பில் மட்டும் படும் அம்பு

புத்திசாலிகள் எந்த ஊரிலும் இருப்பார்கள், அது அவர்கள் தலையெழுத்து. நாம் பார்க்கப்போவது திருப்பூரில் பனியன் தைப்பதை நிறுத்திவிட்டு வீடியோ கேம் தயாரிக்க உட்கார்ந்த மூன்று பேரை.

முதலாளி சென்னியப்பன். பட்டாபட்டி டிரவுசராகத் தைத்துத் தள்ளி, வாங்க ஆளில்லாமல் குடோன் நிறைந்துபோனவர். கட்டிங் மாஸ்டர் நாச்சிமுத்து. கேமில் வருகிறவர்களுக்குக் கவசம் வெட்டுவது இப்போது அவர் வேலை. மூன்றாமவன் ஆறுக்குட்டி, கம்ப்யூட்டருக்கு உத்தரவு எழுதுபவன். யார் என்ன சொன்னாலும் அதை அப்படியே எழுதிவிடுவான்.

இவர்களிடம் படம் வரையச் சேர்ந்தவள் தேவநாயகி. ராட்சதர்களை எதிர்த்துப் படை நடத்தும் வீராங்கனை வஞ்சிக்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது, கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தையே வரைந்துவிட்டாள். வஞ்சியின் பின்னால் போகும் அத்தனை படைவீரர்களுக்கும் முதலாளியின் முகம், தொப்பை எல்லாம். எப்படியும் இரும்புக்குள் மறைந்துவிடுவதுதானே என்று யாரும் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

கவசம் தயாரானதும் தேவநாயகி திரையைப் பார்த்தாள். வீரர்களுக்கு உச்சந்தலை முதல் கால் கட்டைவிரல் வரை இரும்பு. வஞ்சிக்கு மேலே இரண்டு பித்தளைக் கிண்ணம், கீழே வெற்றிலை அளவுக்கு அதே பித்தளையில் ஒரு தகடு.

“மாஸ்டர், மீதிக் கவசம் எங்கீங்க?”

“அதுதானுங்க அம்மிணி முழுக் கவசமே. லேடீஸுக்கு நான் வெட்டிப் பழகுனது அந்த ரெண்டு ஐட்டந்தானுங்க. அதுக்கு மேல போடறதெல்லாம் வேற கம்பெனில தைப்பாங்க.”

“கோயமுத்தூர் கண்காட்சியில இதைச் சுவர் அகலத் திரையில காட்டப் போறோம். எங்கம்மா வர்றாங்க. எங்க வீதியே வேன் வெச்சுட்டு வருது. எம்மூஞ்சியை வெச்சுட்டு வஞ்சி இப்படி வந்து நின்னா, அப்புறம் நான் ஊருக்குள்ள தலை காட்ட முடியுமாங்க?”

சொல்லும்போதே துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சென்னியப்பன் முட்டாளே தவிர நல்ல மனுஷன். யார் கண் கலங்கினாலும் தாங்க மாட்டார். உடனே கூட்டம் போட்டார்.

“அம்மிணியோட பயம் நியாயமானது,” என்று ஆரம்பித்தார். “வயித்துல இரும்பு இல்ல. அம்பு வந்தா நேரா குத்திப்போடும்.”

“அம்புக்காகச் சொல்லலீங்க மொதலாளி, எங்கம்மாவுக்காகச் சொல்றேன்.”

“அம்மாவும் அம்பு விடுவாங்களா?” என்று ஆறுக்குட்டி கவலையோடு கேட்டான்.

“இல்ல!”

“அப்ப அம்மாவால ஆபத்தில்லீங்க. அம்பை மட்டும் பார்ப்போம். அதுக்கு ஒரு உத்தரவு எழுதிப்போட்டாப் போச்சு. கவசத்து இரும்புல மட்டும்தான் படோணும், உடம்புல படவே கூடாது.”

மற்ற இரண்டு ஆண்களும் அவன் மூளையை மெச்சினார்கள். உத்தரவு எழுதப்பட்டது. போரை ஓட விட்டுப் பார்த்தார்கள். ராட்சதர்கள் மழையாக அம்பு விட்டார்கள். உத்தரவுக்குக் கட்டுப்பட்ட அம்புகள் வஞ்சியின் வயிறு, தோள், தொடை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போய், பின்னால் இரும்பில் முழுகி நின்ற வீரர்கள் மேல் பாய்ந்தன. ஒருத்தன் மிச்சமில்லாமல் படை சாய்ந்தது. வஞ்சி மட்டும் அந்த வெற்றிலைத் தகட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

மூவரும் சாய்ந்தவர்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள்.

“இரும்பு போட்டவன் பூராம் செத்துட்டான்,” என்றார் சென்னியப்பன் மெதுவாக. “போடாத புள்ள பொழச்சுக்கிச்சு.”

“அப்ப ஆளைக் கொல்றதே இரும்புதானுங்க,” என்றார் நாச்சிமுத்து. அவர் கண் கலங்கிவிட்டது. “அந்தக் காலத்து ராஜாக்களுக்கு இதை ஒருத்தனும் சொல்லாம உட்டுட்டாங்களே!”

அன்றைக்கே படைவீரர்களின் இரும்பையெல்லாம் கழற்றிப்போட்டார்கள். வெறும் உடம்போடு விட முடியாதே? குடோனில் இருந்ததையே போட்டால் கம்பெனிக்கு விளம்பரமாகவும் இருக்கும் என்று, ஆளுக்கொரு நீலக்கோடு போட்ட பட்டாபட்டி டிரவுசர் மாட்டிவிட்டார்கள். மறுபடி போரை ஓட்டினால் ஒருவனுக்கும் ஒரு கீறல் இல்லை. ஆபீஸ் திரையில் வீரன் தலை கடுகளவுதான் தெரிந்தது. யார் முகம் என்று எவர் கண்ணிலும் படவில்லை.

தேவநாயகி தலையில் கை வைத்துக்கொண்டாள். “எனக்குப் போடுங்கன்னு சொன்னா அவங்களுக்குக் கழட்டறீங்களே! வஞ்சியை முழுசா மூடுங்க மாஸ்டர்!”

நாச்சிமுத்து முழுசாக மூடினார். கண்ணுக்கு ஓட்டை இல்லை, மூக்குக்கும் இல்லை. முழங்கால் மடங்குவதற்கு இடமில்லை. மூடி போட்ட அண்டா ஒன்று தட்டுத் தடுமாறி நடந்தது. எதிரே இருந்த கிணறு அதற்குத் தெரியவில்லை, விழுந்தது. களத்தில் இருந்த ஒரே இரும்புக் கவசம் அதுதான் என்பதால், ராட்சதர்கள் விட்ட அம்பெல்லாம் வரிசையாகக் கிணற்றுக்குள் இறங்கின.

“முழுசா மூடியாச்சுங்க,” என்றார் நாச்சிமுத்து திருப்தியாக.

“ஐயோ! சண்டைக்குப் போற பொம்பளை எதைப் போட்டுட்டுப் போவாளோ அதைப் போடுங்க!”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்டைக்குப் போன பொம்பளை யாரையும் அவர்களுக்குத் தெரியாது. நாச்சிமுத்து இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு பணிவாகக் கேட்டார். “அம்மிணி, நீங்க போனா என்ன போடுவீங்க?”

“நான் எந்தச் சண்டைக்குங்க போறேன்? தெனமும் அவினாசி ரோட்டுல ஸ்கூட்டர் ஓட்டறேனே, அதுதான் எனக்குச் சண்டை. சுடிதார் போடுவேன். கைக்கு நீள உறை, காலுக்கு சாக்ஸ், தலைக்கு ஹெல்மெட். துப்பட்டாவைப் பறக்காம இறுக்கிக் கட்டிக்குவேன். போதுங்களா?”

போதும் என்றார்கள். அப்படியே போட்டும் விட்டார்கள். இரும்பு இல்லாததால் அம்பும் அண்டவில்லை. கை வீச முடிந்தது, ஓட முடிந்தது, குனிந்து வாளை எடுக்க முடிந்தது. தேவநாயகி அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

கண்காட்சி நாள் வந்தது. வேனில் தேவநாயகியின் அம்மாவும் வீதி சனமும் வந்திறங்கினார்கள். சென்னியப்பன் பெருமை தாங்காமல் மனைவி பாவாயியையும் மாமனார் வீட்டு ஆட்களையும் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார். பாவாயி மடியில் எல்லோருக்கும் புளிசாதம் நிறைந்த, கைப்பிடி வைத்த எவர்சில்வர் தூக்குப்போசி.

சுவர் அகலத் திரையில் வஞ்சி வந்தாள். ஹெல்மெட், கையுறை, இறுக்கிக் கட்டிய துப்பட்டா.

“எம்புள்ளயேதான்!” என்று அம்மா எழுந்து நின்றுவிட்டார். “வண்டியெடுக்கப் போறப்ப இப்படித்தான் போவா!”

தேவநாயகிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அடுத்து வஞ்சியின் பின்னால் படை வந்தது.

திரை முழுக்கச் சென்னியப்பன். மூலைக்கு மூலை சென்னியப்பன். தொப்பையும் மீசையுமாக, நீலக்கோடு டிரவுசர் மட்டும் போட்டுக்கொண்டு, வேல் ஒன்றைத் தூக்கிப் பிடித்து ஓடிவரும் சென்னியப்பன்கள்.

மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“அத்தனை பேர்ல எம்புள்ள ஒருத்திதான் துணி போட்டிருக்கா,” என்றார் தேவநாயகியின் அம்மா.

சென்னியப்பனுக்கு வியர்த்துக் கொட்டியது. மறைக்க வேண்டும், அதுவும் உடனே மறைக்க வேண்டும். ஓடிப்போய் மேடையில் ஏறினார். மறைக்கத் துணி வேண்டுமே? இடுப்பில் இருந்த வேட்டியை அவிழ்த்து, இரண்டு கையாலும் திரைமேல் உயர்த்திப் பிடித்தார்.

அது ஒரு சென்னியப்பனைத்தான் மறைத்தது. வேட்டிக்கு இந்தப்பக்கம் இன்னொரு சென்னியப்பன் நின்றார், குடோனில் எடுத்த அதே நீலக்கோடு டிரவுசரில்.

மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. “பாருய்யா, படத்துல இருந்து ஆளே வெளிய வந்துட்டான்!” என்றார் ஒருவர்.

பாவாயி மட்டும் கை தட்டவில்லை. தூக்குப்போசியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, ஒரு சுழற்றுச் சுழற்றி மேடையைப் பார்த்து வீசியெறிந்தாள்.

“மொதலாளி, நகராதீங்க!” என்று நாச்சிமுத்து கீழேயிருந்து கத்தினார். “உங்க மேல ஒரு துளி இரும்பு இல்லீங்க!”

அதுவும் சரிதான் என்று பட்டது சென்னியப்பனுக்கு. வேட்டியைக் கீழே போட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பறந்து வரும் போசியைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார்.