வளைவில் விளக்கு எரிந்ததா?

வைத்திலிங்கம் வாதத்தில் ஜெயித்துவிட்டுத்தான் அன்று மடத்துக்கு வந்தார். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

அவர் ஓய்வுபெற்ற சர்வேயர். ஊரில் எத்தனையோ வரப்புச் சண்டைகளைச் சங்கிலி போட்டு அளந்து தீர்த்தவர். இப்போது அளக்க நிலம் இல்லாததால் தெருவின் வாட்ஸப் குழுவில் வருகிற சேதிகளை அளந்துகொண்டிருந்தார். உள்ளங்காலில் வெங்காயம் வைத்துக் கட்டினால் காய்ச்சல் இறங்கும் என்று யாராவது போட்டால், அடுத்த நிமிஷம் "ஆதாரம்?" என்று இவருடைய கேள்வி வந்து விழும். நல்ல மனுஷர்தான். காலை வணக்கம் சொன்னாலும் ஆதாரம் கேட்பார் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

மடத்தை நடத்தும் தவமணி அம்மா அவரைவிட வயதில் இளையவர். அதெல்லாம் பார்க்காமல் அவரைத்தான் குருவாக ஏற்றுக்கொண்டிருந்தார் வைத்திலிங்கம். அம்மா கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கய்யா. சாப்பிட்டாச்சா?"

"அதுதான்மா இறங்க மாட்டேங்குது. உண்மையைச் சொல்றது தப்பா?"

"இல்லையே."

"அப்ப எனக்கு ஏன் இப்படி இருக்கு?"

அம்மா பலகையை அவர் பக்கம் தள்ளினார். அவர் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார்.

எதிர்வீட்டு அஞ்சுகத்தின் கணவர் தணிகாசலம் போன மாதம் காலமாகிவிட்டார். பொழுது சாய்ந்த நேரத்தில் ஸ்கூட்டரில் கடைக்குக் கிளம்பியவர், தெருமுனை வளைவில் மணல் சறுக்கி விழுந்தார். அன்றிலிருந்து அந்த அம்மாள் குழுவில் ஒன்றையே எழுதிக்கொண்டிருந்தார்: 'வளைவுல விளக்கு எரிஞ்சிருந்தா அவர் இருந்திருப்பார்.' குப்பை வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அதே வரிதான். தெருவே இளகிப்போனது. இளகிய மனசுக்கு ஒரு குற்றவாளி வேண்டுமில்லையா? தெருவிளக்கைக் கவனிக்கும் லோகநாதன் வேலையில் இருக்கக் கூடாது என்று எல்லோரும் சேர்ந்து புகார் எழுத ஆரம்பித்தார்கள்.

"ஆனா விளக்கு எரிஞ்சுதும்மா. என் வீட்டு கேமராவுல பதிவாகியிருக்கு. லோகநாதன் புள்ளகுட்டிக்காரன். நான் வாயை மூடிட்டு இருக்க முடியுமா?"

"முடியாது."

"அதான் போட்டேன். தேதி, நேரத்தோட. விளக்கை மட்டும் பெருசாக்கி, சுத்தி ஒரு சிவப்பு வட்டமும் போட்டேன்."

"அப்புறம்?"

"ஆளாளுக்குக் கட்டைவிரல் போட்டாங்க. புகாரைக் கிழிச்சுட்டாங்க. அந்தம்மா மட்டும் ஒண்ணும் சொல்லாம குழுவை விட்டு வெளியே போயிட்டாங்க. கதவும் திறக்கறதில்ல. பட்டினியா கெடக்கறாங்கன்னு வேலைக்கு வர்ற பொண்ணு அழுவுது. விளக்கு எரிஞ்சா இவங்களுக்கு என்னம்மா நஷ்டம்? அதுதான் எனக்கு விளங்கல."

தவமணி அம்மா ஒரு கொட்டையை நெம்பி எடுத்துக் கிண்ணத்தில் போட்டார்.

"அன்னைக்கு அவர் கடைக்கு எதுக்குப் போனார்?"

"நல்லெண்ணெய் வாங்க. மறந்துட்டு வந்துட்டார் போல. அந்தம்மா போட்ட சத்தம் என் வீடு வரைக்கும் கேட்டுது. 'எண்ணெய் இல்லாம இந்த வீட்டுக்குள்ள கால் வைக்காதீங்க'ன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

அம்மா அடுத்த புளியை எடுத்தார்.

"அந்தப் படம் கையில இருக்கா?"

வைத்திலிங்கம் சிவப்பு வட்டம் போட்ட படத்தை எடுத்து நீட்டினார்.

"இது இல்லைங்கய்யா. முழு வீடியோ."

"அதுவும் இருக்கு."

"என் கையெல்லாம் புளி. கண்ணாடியும் உள்ளே கிடக்கு. நீங்களே பார்த்து எனக்குச் சொல்லுங்க. விளக்கை விட்டுட்டுச் சொல்லுங்க."

"விளக்கை விட்டுட்டா இதுல என்னம்மா இருக்கு?"

"இருக்கறதைச் சொல்லுங்களேன்."

அவர் போனை முகத்தருகே கொண்டுபோனார்.

"கேட்டைத் திறக்கறார். வண்டியைத் தள்ளிட்டு வர்றார். ஹெல்மெட் போடல, பாருங்க. எவ்வளவு தடவை..."

"அதுவும் வேண்டாம்."

"கிளப்பறார். போறார். நிறுத்திட்டார்."

"எங்கே?"

"வளைவுக்கு முன்னாடி. காலை ஊணிக்கிட்டு நிக்கறார். வீட்டைத் திரும்பிப் பாக்கறார்."

"வாசல்ல யாரு?"

"யாரும் இல்ல. அந்தம்மா உள்ளே போயிட்டாங்க." அவர் நெற்றியைச் சுருக்கினார். "கையை என்னமோ பண்றார். ரெண்டு கையாலயும்... காதைப் பிடிச்சுக்கறார். தோப்புக்கரணம் போடற மாதிரி, ரெண்டு காதையும். அம்மா, சிரிக்கறார்ம்மா! காதைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கறார்."

வீடியோவை அங்கேயே நிறுத்தினார்.

அந்தக் காட்சியை அவர் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பார்! ஓரத்தில் ஓடும் நேரத்தைப் பார்த்திருக்கிறார். கம்பத்தைப் பார்த்திருக்கிறார். முப்பது வருஷம் எதிர்வீட்டில் இருந்த மனிதரை இப்போதுதான் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கி அழுதார். தவமணி அம்மா அவரை அழவிட்டார்.

அழுது முடித்ததும் கை மறுபடியும் போனுக்குப் போனது. பழக்கம் அவ்வளவு லேசில் விடுமா?

"இதை இப்பவே குழுவுல போட்டுடறேம்மா. அவர் கோவத்தோட போகலன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

"எல்லாருக்கும் எதுக்குங்கய்யா?"

விரல் அந்தரத்தில் நின்றது. மெல்ல போனை அணைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம் அவருக்கு.

"நான் போய்த் தட்டினா அந்தம்மா கதவைத் திறக்க மாட்டாங்களேம்மா. ஜன்னல் வழியா பாத்துட்டு உள்ளே போயிடுவாங்க. அப்ப நான் என்ன பண்றது?"

"காதைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்றார் தவமணி அம்மா.