தாழிக்குள் கிடந்த வளையம்

அந்த அகழாய்வுத் திடலில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. எலும்பை உடைத்தவர் அந்தப் பருவம் முழுக்கக் குழிக்குள் இறங்கக் கூடாது; தோண்டிய மண்ணை அள்ளிப்போகும் மண்சட்டிதான் தலையில் சுமக்க வேண்டும்.

மண்சட்டி என்றால் என்னவென்று இசக்கியம்மாளுக்குத் தெரியும். இரண்டு வருஷம் சுமந்தவள். யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்புவாள். அப்படிப் பிடித்துப்போயிருந்தது கழுத்து. இந்த வருஷம்தான் அவளுடைய கைப்பக்குவத்தைப் பார்த்துக் குழிக்குள் விட்டார்கள். மண்டியிட்டு, மூங்கில் சீவலால் மண்ணைச் சுரண்டுகிற வேலை. கழுத்து மெல்லச் சொன்னபடி கேட்கத் தொடங்கியிருந்தது.

மூன்றாம் முதுமக்கள் தாழிக்குள் ஓர் ஆள், எலும்புக்கூடாக, குந்தியபடி இருந்தார். முதல் நாளே கடப்பாரை முனை பட்டு அவருடைய விலா எலும்பு ஒன்று முறிந்தது. பழுப்பு எலும்பு, முறிந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்புக்கட்டி போல வெளுத்து, சொரசொரவென்றிருந்தது. கடப்பாரை பிடித்தவன் அன்றைக்கே சட்டி தூக்கப் போனான்.

அடுத்து வந்தது கழுத்து. தலையைத் தாங்குகிற முதல் எலும்பு, வளையம் போன்றது. அதில் மண் அப்பிக் கிடந்தபோதே, திடலில் படம் வரைகிற வேதமாணிக்கம் அதைத் தாளில் முழு வளையமாக வரைந்துகொண்டார். முப்பது வருஷமாக எத்தனையோ கழுத்துகளை வரைந்த கை. பிறகு இசக்கியம்மாள் மூங்கிலைக் கொடுத்து நெம்பினாள். நொறுக்கென்று ஒரு சத்தம். எலும்பு கைக்கு வந்தது. யாரும் கவனிக்கவில்லை. சிந்திய மண்ணைச் சலித்த பேச்சிமுத்துவுக்குக் கிடைத்தது, பொடிந்த நத்தை ஓடு மட்டும்.

மறுநாள் கொட்டகையில் வேதமாணிக்கம் மண்ணைத் துடைக்கும்போது எலும்பு கை நழுவிப் பஞ்சுத் தட்டில் விழுந்தது. துடைத்து முடித்துப் பார்த்தால், வளையத்தின் பின்பக்கம் நெல் அகலத்துக்கு ஓர் இடைவெளி.

அகழாய்வை நடத்துகிற துரைசிங்கம் படத்தையும் எலும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். படத்தில் மூடிய வளையம், கையில் திறந்த வளையம். யார் என்று கேட்டார். வேதமாணிக்கம் முன்னால் வந்து, தட்டில் விழுந்ததைச் சொல்லி, பழி தன்னுடையது என்றார். அறுபதை நெருங்கும் மனிதர்.

இசக்கியம்மாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவளுக்கு அது முடியவில்லை.

"அண்ணாச்சி மேல பழிய ஏத்தாதிய சார். ஒடச்சது நாந்தான். நெம்புதப்பவே சத்தம் கேட்டுச்சு."

"நீ சும்மா கெட இசக்கி. பஞ்சுல விழுந்தத நான் பாத்தேன்லா" என்றார் வேதமாணிக்கம்.

சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்த பேச்சிமுத்து, சட்டி தூக்க ஆள் கூப்பிட்டால் ஒருத்தரையும் காணோம், இன்றைக்கு ரெண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். துரைசிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஓர் எலும்பு, இரண்டு குற்றவாளிகள். எலும்பு மருத்துவர் சகாயமேரி வரட்டும் என்று தள்ளிவைத்தார்.

மறுநாள் காலை சகாயமேரி வந்தார். இடைவெளியின் இரண்டு முனைகளையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார்; விரலால் தடவினார். கரைந்த சோப்புத் துண்டின் ஓரம்போல அவை மழுங்கி, வழவழவென்றிருந்தன. மற்ற இடங்களில் என்ன பழுப்போ, அங்கேயும் அதே பழுப்பு. இசக்கியம்மாள் தன் கழுத்தைப் பிடித்தபடி நின்றாள்.

கேட்டவர்களே, மருத்துவர் வாயைத் திறக்குமுன் நீங்கள் சொல்லிவிடுங்கள். அந்த வளையத்தை உடைத்தது யார்? மண்சட்டி யார் தலையில் ஏற வேண்டும்?

விடை: யார் தலையிலும் இல்லை. புதிதாக முறிந்த எலும்பு அந்த விலாவைப் போல வெளுத்துச் சொரசொரத்திருக்கும். சல்லடையிலும் துணுக்கு அகப்பட்டிருக்கும். இந்த வளையமோ தாய் வயிற்றிலிருந்தே மூடாமல் போனது. நூற்றில் சிலருக்கு இப்படி அமைவதுண்டு. இசக்கியம்மாள் கேட்டது நத்தை ஓடு நொறுங்கிய சத்தம். வேதமாணிக்கம் வரைந்தது, பழக்கத்தில் கை மூடிவிட்ட வளையம். சகாயமேரி இதைச் சொல்லி முடித்ததும் இசக்கியம்மாள் ஒன்று மட்டும் கேட்டாள்: "அவுகளுக்குக் கழுத்து வலிச்சிருக்குமாம்மா?" பெரும்பாலும் இருக்காது, இப்படி ஒன்று இருப்பது தெரியாமலேயே வாழ்ந்து முடித்திருப்பார் என்றார் மருத்துவர். "நல்லவேள" என்று சொல்லிவிட்டு இசக்கியம்மாள் குழிக்குள் இறங்கினாள்.